பந்து நிற்காத உள்ளங்கை

ரப்பரை மூலையில் பிடித்து மெல்ல இழுத்தால் பழைய பசை நூல் நூலாகப் பிரிந்து வரும். அந்தச் சத்தம் ஐலர்ட் ஸாட்ஹோஃபுக்குப் பிடிக்கும். அன்றைக்குப் பிடிக்கவில்லை. டேபிள் டென்னிஸ் மட்டையில் ஒட்டி ஒரு மாதம்கூட ஆகாத ரப்பர் அது. வழுக்குகிறது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டு, கேரேஜில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புதிய ஜோடி, உறை பிரிக்காமல் கிடந்தது. லேசாக ஒட்டும் மேல்பரப்பு, பந்தைக் கவ்விப் பிடித்துச் சுழற்றிவிடும் என்று உறையில் போட்டிருந்தது. அந்த வரியை அவர் பலமுறை படித்திருந்தார்.

ஐலர்ட் பால் டேங்கர் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்பே கிளம்பி, பண்ணை பண்ணையாகப் பால் எடுத்து, ஆலையில் இறக்கிவிட்டு மத்தியானம் வீடு திரும்பிவிடுவார். மிச்ச நேரமெல்லாம் டேபிள் டென்னிஸ்தான். வெஸ்டர்லோக் ஊர்ச் சங்க அணியில் வாலிபத்திலிருந்து ஆடுகிறார். பெரிய ஆட்டக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பேக்ஹேண்ட் பெயருக்குத்தான், கால் நகராது. ஆனால் சர்வீஸ் ஒன்று இருந்தது. வலையை ஒட்டிக் குட்டியாக விழுந்து, எதிராளி நினைக்காத பக்கம் வளைந்து போகும். மாவட்டத்தில் பாதிப் பேர் அதைத் திருப்பத் திணறியிருக்கிறார்கள்.

இலையுதிர்காலத்திலிருந்து அந்த சர்வீஸ் கெட்டுப்போயிருந்தது. ஒரு தடவை நீளமாகப் போகும், இன்னொரு தடவை உயரமாக எழும்பி எதிராளிக்கு விருந்தாகும். அணி புள்ளிப் பட்டியலில் கடைசிக்கு முந்தின இடத்தில் கிடந்தது. அப்படியே முடிந்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். அதற்குத் தானே காரணம் என்ற நினைப்பு ஐலர்ட்டை விடாமல் உறுத்தியது. முதலில் மட்டையின் மரத்தை மாற்றினார். பிறகு ரப்பரை மாற்றினார். பிறகு இன்னொரு மரம், இன்னொரு ரப்பர்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட ஜிம்மில் பயிற்சி. அணித் தலைவர் வூபோ, கூரை போடும் தொழில் செய்கிறவர், புது மட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இது எத்தனாவது கல்யாணம்டா உனக்கு?"

"பழசு வழுக்குச்சு."

"போன மாசம் ரொம்ப வேகம்னே. அதுக்கு முன்னாடி மரம் செத்துப்போச்சுன்னே. இம்கே கொஞ்சம் உஷாரா இருக்கணும் போல."

இம்கே ஐலர்ட்டின் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள், ஐலர்ட்டும் சிரித்தார். பிறகு மேஜைக்குப் போய் சர்வீஸ் போட ஆரம்பித்தார். எதிர்ப்பக்கம் ஸ்வான்ட்யா நின்றாள். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கிறவள், ஜிம் சாவி அவளிடம்தான் இருக்கும். அணியில் ஒரே பெண், எல்லோரையும்விட நன்றாக ஆடுகிறவளும் அவள்தான். கொஞ்ச நேரம் பந்துகளைத் திருப்பிவிட்டு மட்டையைத் தாழ்த்தினாள்.

"பந்து ஏன் உன் கையில நிக்காம உருளுது?"

"குளிரு."

"ஹீட்டர் போட்டதே நான்தான். எனக்கு வேர்க்குது."

ஐலர்ட் குனிந்து, தரையில் இல்லாத பந்தைத் தேடினார்.

காரணம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பண்ணையிலும் பால் எடுக்கும்போது சின்னக் குப்பியில் மாதிரி எடுத்து வைக்க வேண்டும். செப்டம்பரில் ஒரு காலை, இடது கையில் பிடித்திருந்த குப்பிக்குள் பால் சிற்றலை அடித்துக்கொண்டிருந்தது. டேங்கரின் மோட்டார் அதிர்வு என்று நினைத்தார். மோட்டாரை நிறுத்தினார். அலை நிற்கவில்லை.

அவருடைய அப்பாவுக்கும் நடுக்கம் இடது கையில்தான் ஆரம்பித்தது. செங்கல் அடுக்கிய முரட்டுக் கை, கட்டை விரலும் சுட்டு விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி மடியில் கிடந்து தானாக ஆடும். முதலில் கடைக்குப் போவதை நிறுத்தினார். அப்புறம் பேச்சும் குறைந்தது. கடைசி வருஷங்களில் சட்டைப் பொத்தானை ஐலர்ட்தான் போட்டுவிட வேண்டியிருந்தது.

அதனால் ஐலர்ட் தன் இடது கையைத் திருடனைப் பார்ப்பது போல் பார்க்கத் தொடங்கினார். ஸ்டீயரிங்கின் மேல் பார்ப்பார், டீ மேஜையில் பார்ப்பார், கட்டை விரல் சுட்டு விரலை நோக்கி நகர்கிறதா என்று பார்ப்பார். கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று சில சமயம் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்வார், உள்ளே போனதும் ஆடுகிறதோ என்று சந்தேகம் வந்துவிடும். டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் டேங்கர் போகும். அந்த யோசனை வரும்போதெல்லாம் புது ரப்பர் ஒன்றைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

விதிப்படி சர்வீஸுக்கு முன் பந்து விரித்த உள்ளங்கையில் அசையாமல் இருக்க வேண்டும். அங்கேதான் வம்பு. அதற்கும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். பந்து நிற்கும்வரை காத்திருக்காமல், கையில் வைத்ததும் தூக்கிப் போட்டு அடித்துவிடுவது. வீட்டின் கீழறையில் பழைய மேஜை ஒன்று இருந்தது. வாளி நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டு தினமும் அதையே பழகினார். வேகம் வந்தது. கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது.

ஜனவரியில் நார்டர்சீல் ஊருக்குப் போய் ஆட வேண்டியிருந்தது. எதிராளி ஓனோ, மீன்பிடிப் படகுகளுக்கு வண்ணம் அடிக்கிறவர், பேச்சில் எண்ணெய் தடவத் தெரியாத ஆள். ஐலர்ட்டின் ஆட்டத்துக்கு நடுவராகப் புள்ளி எண்ண ஸ்வான்ட்யா உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது செட்டில் ஓனோ கையைத் தூக்கினார்.

"இது சர்வீஸே இல்ல. பந்து கையில நிக்கவே இல்லையே."

எல்லோரும் ஸ்வான்ட்யாவைப் பார்த்தார்கள். அவள் ஐலர்ட்டைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஆமா. தப்பு சர்வீஸ்தான்."

அடுத்ததை ஐலர்ட் நிறுத்திப் போட முயன்றார். உள்ளங்கையை விரித்தார். பந்து ஒரு பக்கம் நகர்ந்தது, கையைச் சரித்தார், மறுபக்கம் நகர்ந்தது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நினைத்த மாத்திரத்தில் கை இன்னும் ஆடியது. பந்து விரல் நுனியில் உருண்டு தரையில் விழுந்து டொக் டொக்கென்று எதிரணி பெஞ்ச் வரை போனது. அங்கே ஒருவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றதுதான் ஐலர்ட்டை அதிகம் சுட்டது.

அந்த ஆட்டம் போயிற்று, அன்றைய போட்டியும் போயிற்று. திரும்பும்போது ஸ்வான்ட்யாவின் காரில் அவர்கள் இருவர் மட்டும்.

"என் சொந்த டீம்காரி," என்றார் ஐலர்ட்.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"கண்டுக்காம விட்டிருக்கலாம்."

"நீ நாலு மாசமா மட்டையத்தான் மாத்திக்கிட்டே இருக்க. பந்து இருக்குறது இன்னொரு கையில. இதை நான் எத்தனை நாள் கண்டுக்காம இருக்குறது?"

வீட்டு வாசலில் இறங்கும்போது ஐலர்ட் கதவை ஓங்கிச் சாத்தினார்.

மறுநாள் ஞாயிறு. இம்கே டீ ஊற்றினாள். கோப்பைக்குள் கற்கண்டு சூட்டில் மெல்ல வெடித்தது, மேலே பாலாடை வெண்மேகமாக விரிந்தது. ஐலர்ட் அதைப் பார்த்தபடியே நேற்று நடந்ததைச் சொன்னார். பிறகு குப்பியைப் பற்றிச் சொன்னார். கடைசியாக அப்பாவைப் பற்றி.

இம்கே ஆச்சரியப்படவில்லை. அவருடைய கோப்பையைச் சுட்டிக் காட்டினாள்.

"அக்டோபர்ல இருந்து உனக்குப் பாதிக் கோப்பைதான் ஊத்துறேன். கவனிக்கலையா?"

அவர் தன் கோப்பையையும் அவள் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுடையது விளிம்பு வரை இருந்தது.

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல? நீ கீழ போய் பந்து அடிப்ப. நான் மேல உக்காந்து, உங்கப்பா மாதிரி ஆயிருமோன்னு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருப்பேன். பந்து விழுற சத்தம்தான் ஜாஸ்தி கேக்கும்."

"லைசென்ஸ் போயிரும், இம்கே."

"போனா போகட்டும். டேங்கர் ஓட்டுறப்போ ஏதாவது ஆச்சுன்னா?"

ஐலர்ட் எழுந்து போய் டாக்டரின் நம்பரைத் தேடினார்.

எம்டன் நகரத்தில் நரம்பு டாக்டரைப் பார்க்க நாள் கிடைப்பதற்குள் மார்ச் வந்துவிட்டது. டாக்டர் ரைமர்ஸ் சின்ன உருவம், அவசரமே இல்லாத பெண்மணி. நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், கைகளை மடியில் வைத்து நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். ஒரு குவளைத் தண்ணீரை இன்னொரு குவளையில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் மேஜையில் சிந்தியது. ஐலர்ட் கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனார்.

"விடுங்க, பரவால்ல. உங்கப்பாவுக்குக் கை எப்போ நடுங்கும்? சும்மா இருக்கும்போதா, எதையாவது பிடிக்கும்போதா?"

"சும்மா இருக்கும்போது. மடியில."

"உங்களுக்கு மடியில கை அசையவே இல்ல. பிடிச்சா, தூக்கினா மட்டும்தான் நடுங்குது. நடை நல்லா இருக்கு, கையில விறைப்பும் இல்ல. இன்னைக்குப் பார்த்த வரைக்கும் இது உங்கப்பாவுக்கு இருந்த நடுக்குவாதம் இல்ல. இது வேற நடுக்கம். மெல்ல மெல்லக் கூடலாம், கூடாமலும் இருக்கலாம். வலது கையிலயும் கொஞ்சம் இருக்கு, கவனிச்சீங்களா?"

அவர் கவனித்திருக்கவில்லை. நிம்மதி வந்து உட்காருவதற்குள் இந்தப் புதுக் கவலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மட்டை பிடிக்கிற கை ஆயிற்றே.

"வண்டி ஓட்டலாமா?"

"இப்போதைக்கு ஓட்டலாம். ஆறு மாசம் கழிச்சு வாங்க, திரும்பப் பார்ப்போம். மாத்திரை இருக்கு, ஆனா இப்பவே வேணாம்னு நினைக்கிறேன்."

"டேபிள் டென்னிஸ்?"

டாக்டருக்கு அந்த ஆட்டம் தெரியாது. சர்வீஸ் எப்படிப் போடுவது என்று காட்டச் சொன்னார். பந்துக்குப் பதிலாகப் பஞ்சு உருண்டை ஒன்றைக் கொடுத்தார். ஐலர்ட் அந்த அறையின் நடுவில் நின்று உள்ளங்கையை விரித்தார்.

"முழங்கையை விலாவோட ஒட்டி வைங்க. இன்னும் கொஞ்சம். கை அந்தரத்துல தொங்குனா ஆட்டம் ஜாஸ்தியா இருக்கும்."

பஞ்சு நின்றது. ஆனால் அது பஞ்சு.

வீடு திரும்பும் வழியெல்லாம் 'இன்னைக்குப் பார்த்த வரைக்கும்' என்ற வார்த்தைகளை அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கூட வந்திருந்த இம்கே வழியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து கீழறையில் இம்கேயும் கூடவே இருந்தாள். முழங்கை விலாவில், மூச்சு வெளியே, பிறகு தூக்கிப் போடுவது. "நின்னுச்சு," "நிக்கல," என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். வலது கைக்காகக் கைப்பிடியில் துணி நாடா சுற்றித் தடிமனாக்கினார்கள். ரப்பரை யாரும் தொடவில்லை.

அணியிடமும் சொன்னார். வூபோ தலையைச் சொறிந்தார்.

"விதியில இடம் இருக்கு. உடம்பு முடியாதவங்களுக்கு சர்வீஸ்ல நடுவர் சலுகை குடுக்கலாம். முன்னாடியே சொல்லிரணும், அவ்வளவுதான்."

"உடம்பு முடியாதவன்னா?"

"வேற எப்படிடா சொல்றது? நீயே சொல்லு."

ஐலர்ட் யோசித்தார். "எதிராளிகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

கடைசிப் போட்டி ஏப்ரலில், சொந்த ஜிம்மில், மறுபடியும் நார்டர்சீலுடன். ஜெயித்தால் தப்பலாம். ஐலர்ட்டுக்குக் காலையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஆட்டத்துக்கு முன் ஓனோவிடம் போனார். கை நடுங்கும், வியாதிதான், முடிந்தவரை நிறுத்துவேன், நிற்காவிட்டால் பொறுத்துக்கொள் என்று ஒரே மூச்சில் சொன்னார். ஓனோ அவருடைய கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"ஜனவரியிலயே சொல்லித் தொலைக்குறதுக்கு என்ன?"

"அப்ப என்னன்னு எனக்கே தெரியாது."

"சரி, போடு. உன் சர்வீஸ் எனக்கு எப்பவுமே பிடிக்காது. நின்னாலும் நிக்காட்டியும்."

ஐந்தாவது செட் வரை போனது. பத்துக்கு ஒன்பது, ஐலர்ட்டுக்கு இன்னும் ஒரு புள்ளி போதும், சர்வீஸும் அவருடையதுதான். உள்ளங்கையை விரித்தார். பந்து நிற்கவில்லை. முழங்கையை விலாவில் அழுத்தினார், அப்போதும் நிற்கவில்லை. ஓனோ குனிந்த நிலையிலிருந்து நிமிர்ந்து, மட்டையைச் சட்டையில் துடைக்கத் தொடங்கினார். தேவைக்கு மேலேயே துடைத்தார். அவர் மறுபடி குனிந்தபோது பந்து ஏறக்குறைய அடங்கியிருந்தது.

சர்வீஸ் நினைத்ததைவிட நீளமாகப் போனது. குட்டியாக வரும் என்று முன்னால் வந்துவிட்ட ஓனோ எப்படியோ திருப்பினார். பந்து ஐலர்ட்டின் பேக்ஹேண்டுக்கு வந்தது. அவர் சும்மா தள்ளினார். ஓனோ ஓங்கி அடித்தார், பந்து மேஜையைத் தாண்டிப் போனது.

வெஸ்டர்லோக்காரர்கள் கத்தினார்கள். ஐலர்ட் மட்டும் நேராக ஓனோவிடம் போனார். கை கொடுக்கும்போது தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேணும்னே விட்டியா?"

ஓனோவின் முகம் சிவந்திருந்தது. தடுப்புப் பலகையை அப்போதுதான் உதைத்துவிட்டு வந்திருந்தார்.

"நான் என் பேரனுக்கே விட்டுக்குடுத்ததில்ல. போய்யா."

மற்ற ஆட்டங்களில் வூபோ தோற்றார், அணியின் நாலாவது ஆளும் தோற்றார், ஸ்வான்ட்யா ஜெயித்தும் எண்ணிக்கை போதவில்லை. வெஸ்டர்லோக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஜிம்முக்கு வெளியே பியரும் சாசேஜுமாக நின்றார்கள். அடுத்த பருவத்துக்கு உன் பெயரைப் போடட்டுமா என்று வூபோ கேட்டபோது ஐலர்ட் தன் கையைப் பார்த்தார்.

"கீழ்ப்பிரிவுல ஆடுறவங்கள்ல பாதிப் பேருக்குக் கண்ணே தெரியாது," என்றாள் ஸ்வான்ட்யா. "நீ கையைப் பத்தி யோசிச்சுக்கிட்டு நிக்குற."

"போடு," என்றார் ஐலர்ட்.

செப்டம்பரில் மறுபடி எம்டனுக்குப் போனார்கள். டாக்டர் அதே குவளைகளை வைத்தார். இந்தத் தடவையும் தண்ணீர் சிந்தியது. போன தடவையைவிடக் கூடவா, குறைவா என்று ஐலர்ட்டுக்குச் சொல்லத் தெரியவில்லை. டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. வசந்தத்தில் வாருங்கள் என்றார். அன்று செவ்வாய்க்கிழமை, பயிற்சி நாள். இம்கேயை வீட்டில் இறக்கிவிட்டு, ஸ்வான்ட்யா ஜிம்மைத் திறப்பதற்கு முன்பே போய், கைகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தார்.