அக்கி ஆறிய பிறகு

என் மகள் பிறந்து மூன்று மாதம்வரை அப்பா அவளைத் தூக்கவே இல்லை. பிரசவத்துக்காக முதலியார்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். குழந்தையை நீட்டினால், "நீயே வச்சுக்கம்மா" என்று எழுந்து போய்விடுவார். அத்தை சும்மா இருப்பாரா? "எங்க அண்ணனுக்குப் பேரன் பொறக்கலன்னு வருத்தம்" என்று என் காதுபடவே சொன்னார். அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டேன்.

பிரசவத்துக்குச் சில வாரம் முன்புதான் அப்பாவுக்கு இடது மார்பில் அக்கி வந்திருந்தது. பானை செய்யும் பெரியவர் ஒருவரிடம் அம்மா கூட்டிப்போய்க் காவிமண்ணால் அக்கி எழுதவைத்துக் கூட்டிவந்தார். கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்ததும் அந்தக் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம். பிறகு அவர் வீட்டில் சட்டையே போடவில்லை. வெயில் காலம், யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

அம்மாவின் கண்ணில்தான் பட்டது. கடைக்குக் கிளம்பிய அப்பா, சட்டையை இரண்டு விரலால் மார்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி தெருவில் நடந்தார். மறுநாளே அம்மா அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அப்பா பேச்சை மாற்றிவிடுவார் என்று, குழந்தையோடு நானும் பஸ் ஏறினேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டார்.

"ரெண்டு போட்டுக்கங்க" என்றார் அப்பா, பெருந்தன்மையாக.

"ரெண்டா! துணி பட்டாலே துள்றாரும்மா" என்றார் அம்மா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சரிங்க ஐயா. இந்த வலியால எதெல்லாம் செய்யாம விட்டுட்டீங்க?"

அப்பா என் மடியைப் பார்த்தார். "பேத்தியத் தூக்கல. நெஞ்சுல சாச்சிக்கணும்னு ஆசைதான். பட்டா நெருப்பு வச்சாப்புல இருக்குது. கீழ போட்டுட்டா என்னா ஆவறது?"

அத்தனை பேர் முன்னால் நான் அழுதுவிட்டேன்.

டாக்டர் அவர் மார்பில் பஞ்சால் லேசாகத் தடவிப் பார்த்தார். அப்பா வெடுக்கென்று விலகினார். "புண்ணு ஆறிடுச்சு, நரம்பு இன்னும் ஆறல. இது நிஜ வலி, மறைக்காதீங்க" என்றார் டாக்டர். வயதானவர் என்பதால் சின்ன மாத்திரையில் தொடங்கி மெதுவாகக் கூட்டலாம், தலை சுற்றினால் உடனே சொல்லவேண்டும், எழும்போது பார்த்து எழவேண்டும் என்று அம்மாவிடம் பொறுமையாக விளக்கினார். அந்த ஒரு கேள்விக்காக அவரை இன்றும் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதைக் கேட்காமல் இருந்திருந்தால், அத்தை சொன்னதையே நான் காலமெல்லாம் நம்பியிருப்பேன்.

மாத்திரையை இரண்டு முறை கூட்டினார்கள். ஒரு நாள் காலை அப்பாவே கையை நீட்டினார். குழந்தையை அவர் மார்பில் சாய்த்தேன். அவள் சும்மா இருக்காமல், இடது பக்கத்துத் தோலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அவர் முகம் சுருங்கியது. நான் பதறிக் கையை நீட்டினேன்.

"வலிக்குதாப்பா?"

"வலிக்குது" என்றார். "தாங்குற வலிதான். நீ போய்ச் சாப்புடு."