செங்கேணியின் இடக்கை

மானாம்பதி காலனியில் நாற்று நடப் போகும் பெண்களில் செங்கேணிக்கு நிகர் செங்கேணிதான். ஞானஸ்நானத்தில் சலோமி என்று பேர் வைத்தார்கள். ஒருத்தரும் அப்படிக் கூப்பிடவில்லை. அவள் நடவு வேகத்தை உத்திரமேரூர் வரைக்கும் பேசுவார்கள். பேசட்டும். இங்கே சொல்ல வந்தது அந்தக் கை சேற்றுக்கு வெளியே செய்த காரியம்.

அவள் புருஷன் ஐசக்கும் கூலி வேலைக்காரன்தான். ஆனால் கிடார் வாசிப்பான். மாற்றலாகிப் போன போதகர் ஒருவர் விட்டுப்போன கிடார் அது. பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் விரல்வைப்புக்குப் பட்டணத்தில் கார்டு என்று பேர்; இவன் பிடி என்பான். இடக்கை விரல்கள் பிடியை அழுத்த, வலக்கைக் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் தாளம் போடும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை எடுக்கும். செங்கேணி பாடும் நடவுப் பாட்டையே அப்படி ஒரு முழு உருப்படியாக்கி வைத்திருந்தான். வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகையில், காணிக்கை படைத்தபின் சபையே கண்ணை மூடி ஜெபிக்கும்போது அதை வாசிப்பான்.

எண்பத்திரண்டில் கரும்பு பிழியும் மிஷின் அவன் இடக்கை விரல்களில் மூன்றை வாங்கிக்கொண்டது. பாழாய்ப்போன மிஷின்! வலக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மீட்டக் கை இருந்தது, அழுத்தக் கை இல்லை. கிடாரைப் பரண்மேல் போட்டான். கோயிலுக்குப் போவதை நிறுத்தினான். பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாள் வாராவாரம் சபையில், "ஐசக்குக்குக் கைய குடு ஆண்டவரே" என்று சத்தமாக ஜெபிக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன கை எங்கியாவது திரும்ப வருமா? அந்தம்மாவ சொம்மா இருக்கச் சொல்லு" என்று செங்கேணியிடம் சீறினான்.

மறுபடி பண்டிகை நெருங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செங்கேணி பரணிலிருந்து கிடாரை இறக்கித் தூசி தட்டி அவன் மடியில் வைத்தாள். அவனுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்து, தன் பக்கம் நீண்டிருந்த கிடாரின் கழுத்தைப் பிடித்தாள்.

"இன்னாமே பண்ற?"

"நீ அடி. நான் அமுக்கறன். எங்கன்னு மட்டும் சொல்லு."

"அய்யே, வெளையாட்டா கீதா உனுக்கு? எனுக்கே வர்சக் கணக்கா ஆச்சி."

"உனுக்கு ஆச்சி. அதுக்கு நான் இன்னா பண்றது?"

ஐசக் வலக்கையால் அவள் விரல்களைப் பிடித்தான். முதல் பிடியை விரல் விரலாக வைத்துக் காட்டினான். வளையல் கழுத்தில் இடித்துக் கலகலத்தது. அதை முழங்கைப் பக்கம் தள்ளித் துணியால் கட்டினாள். விரல் நுனி வலிக்கும் என்று பார்த்தான். நுனி எல்லாம் காய்த்துக் கிடந்தது. பிடி சரியாகவே விழுந்தது. ஆனால் அடுத்த பிடியின் பேரை அவன் சொல்லி அவள் மாற்றுவதற்குள் தாளம் ஓடிவிடும்.

"ஒரே பேஜாரா கீது. வுட்ருமே."

"நீ சொல்லாத. சொல்றதாலதான் லேட்டாவுது" என்றாள். நடவில் ஒவ்வோர் அடி பாட்டு முடியும்போதும் வரிசை முழுக்க ஒரு காலைப் பின்னால் எடுத்து வைக்கும். இப்போது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, அந்தக் கால் அசையும் இடத்தில் பிடியை மாற்றினாள். தாளம் தப்பவில்லை.

அடுத்து எஃப். ஐசக் வாழ்க்கை முழுக்கத் தோற்ற பிடி. ஒரே சுட்டுவிரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்தினால் ஏதாவது ஒரு கம்பி கர்ரென்று உறுமும்.

"மேல கீற தடி கம்பிய வுட்டுடு. நான் தொடாம அட்ச்சிக்கிறன்."

அவள் விடவில்லை. கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னாலிருந்து எழும்பி, மேலே வளைந்து வந்து, தடித்த கம்பியின் முதல் கட்டத்தில் உட்கார்ந்தது. நாற்றுக் கட்டை இடக்கையில் பிடித்தபடியே கட்டைவிரலால் பிரித்துப் பிரித்துத் தள்ளிப் பழகிய விரல். மற்றவை தம் இடத்தில் இறங்கின. ஐசக் மீட்டினான். ஆறு கம்பியும் சுத்தமாகப் பேசின. சுண்டுவிரல் வேறு வேலையில்லாமல் நின்றது! அவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"அடி எம்மா! இத்தினி நாளு இத எங்க வெச்சிக்கினு இருந்த?"

"சேத்துல" என்றாள்.

பண்டிகையில் சேர்ந்து வாசிக்க அனுமதி கேட்டு, கோயிலை நடத்தும் உபதேசியார் அருள்தாஸிடம் இருவரும் போனார்கள். நல்ல மனுஷர். ஆனால் முறை தப்பக்கூடாது அவருக்கு. "ஆம்பளைங்க வலப்பக்கம், பொம்பளைங்க இடப்பக்கம். புருசனும் பொஞ்சாதியும் பீடத்துக்கு முன்னால ஒட்டிக்கினு ஒக்காந்தா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க ஐசக்கு?"

ஐசக்கின் முகம் தொங்கிவிட்டது. இத்தனை பாடுபட்டும் இல்லையா?

"யாரு ஒட்டிக்கினு ஒக்காரப் போறா?" என்றாள் செங்கேணி. "அவுரு அவுரு பக்கத்துல இருப்பாரு, நான் என் பக்கத்துல இருப்பன். கிடாரு நடுவுல இருக்கட்டும்."

உபதேசியார் யோசித்துப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

அறுப்பின் பண்டிகையன்று பூசணிக்காயும் நெற்கட்டும் பீடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆண்கள் பாயின் ஓரத்தில் ஐசக். ஒற்றை ஆள் நடக்கும் வழி நடுவில். பெண்கள் பாயின் ஓரத்தில் செங்கேணி. அந்த வழியைத் தாண்டிக் கிடாரின் கழுத்து அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சபை கண்ணை மூடியது.

ஐசக் மீட்டத் தொடங்கினான். இவள் எங்காவது தப்பிவிட்டால்? எஃப் வரும் இடத்தில் மூச்சையே பிடித்துக்கொண்டான். சேலைக் கரைக்குக் கீழே அவள் கால்விரல் அசைந்தது. கட்டைவிரல் வளைந்து வந்து உட்கார்ந்தது. அதற்குமேல் அவன் பயப்படவில்லை. தன் கை எது, அவள் கை எது என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தச் சின்னக் கோயில் முழுக்க நடவு வயலாகிவிட்டது.

கடைசிக் கம்பி ஓயும் முன்பே ஆண்டாளம்மாள் கண்ணைத் திறக்காமல் கத்தினாள்: "ஸ்தோத்திரம்! எங்க ஐசக்குக்குக் கைய குட்த்துட்டியே ஆண்டவரே!"

கண்ணைத் திறந்திருந்த ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். ஐசக் சிரிக்கவில்லை. நடுவழிக்கு அந்தப் பக்கம் கம்பிமேலேயே இருந்த அந்த இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாம்மா" என்றான். "எப்பவோ குட்த்துட்டாரு. நான்தான் பாக்கல."