பாங்காக் பெண்ணும் பதினான்கு வியூ பாயின்ட்டும்

போன சீசனில் எங்கள் கொடைக்கானல் வீட்டுக்கு ஒரு விருந்தாளி. பெயர் ப்ளாய். என் மகள் நிலா பாங்காக்கில் ஒரு செமஸ்டர் படித்தபோது ஹாஸ்டலில் அவளுடைய அறைத்தோழி. பரீட்சை லீவில் ஊர் பார்க்க வந்திருந்தாள்.

வெளியூர்க்காரர்கள் கிடைத்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். முதல் நாள் ஏழு இடம். மறுநாள் மன்னவனூர் ஆட்டுப்பண்ணை, கிளாவரை பூண்டுத் தோட்டம், வழியில் இன்னும் ஐந்து. எதைக் காட்டினாலும் ப்ளாய் சிரித்தபடி ‘சூப்பர், அங்கிள்’ என்றாள். மூடுபனியில் ஒன்றுமே தெரியாத வியூ பாயின்ட்டும் சூப்பர்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ம்ஹூம்… மறுநாளைக்கு இரண்டு அருவிகளைச் சேர்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பெருமாள்மலையில் காசிம் பாய் கடையில் டீக்கு நிறுத்தினோம். அடுத்த இடங்களை நான் அடுக்கிக்கொண்டிருக்க, பாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், அந்தப் புள்ள டீ ஆறிக் கெடக்கு. ஒரு வாய் கூடக் குடிக்கல. செத்த நேரம் சும்மா உக்கார விடுங்க.”

நிலா அவள் தோளைத் தொட்டாள். அவ்வளவுதான் — ப்ளாய் அழத் தொடங்கிவிட்டாள்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பரீட்சை ஹாலிலிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டாளாம். இரண்டு மாதமாகச் சரியான தூக்கமில்லையாம். வீட்டிலோ நன்றாக எழுதியதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் வகுப்பில் இன்னும் சிலர் இப்படித்தானாம். ஆனாலும் எல்லோரும் சிரித்த முகமாகவே நடமாடுவார்களாம். அழுதால் அடுத்தவருக்குத் தொந்தரவாம்.

மூன்று நாளாக யார் யாரைத் தொந்தரவு செய்தது?

அங்கேயே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். பாய் டிவியை அணைத்தார். அவர்கள் பேசிய தாய் மொழி எங்களுக்குப் புரியவில்லை. அந்தத் தாய் அழுதது புரிந்தது. திட்டவில்லையாம். ‘இத்தனை நாள் ஏன் தனியாக இருந்தாய்’ என்று மட்டும் கேட்டாராம்.

மிச்ச நாட்களில் ப்ளாய் எங்கள் வீட்டிலேயே தூங்கித் தீர்த்தாள். ஏரிக்காவது போகலாமா என்று நான் இழுத்தபோது, “வேண்டாம், அங்கிள்” என்றாள். வந்ததிலிருந்து அவள் சொன்ன முதல் ‘வேண்டாம்’. மகளும் மனைவியும் என் கார் சாவியை ஒளித்துவைத்துவிட்டார்கள்.

இப்போது தன் ஊரில் வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரைப் பார்க்கிறாள். விட்ட பரீட்சையை மறுபடி எழுதப்போகிறாள். நேற்று மெசேஜ் வந்தது: ‘நாளைக்குப் பரீட்சை. ரொம்பப் பயமாக இருக்கிறது.’

ஒரு பெண் பயப்படுகிறாள் என்று கேட்டுத் துள்ளிக் குதித்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.