பூஞ்சைக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு

நான் பிஎச்.டி. வாங்கியது, வாழையைக் கொல்லும் ஒரு பூஞ்சையின் புண்ணியத்தில். முசிறியில் அப்பாவின் ரஸ்தாளித் தோட்டம் வாடல் நோயில் விழுந்தபோது, அங்கே வாடிய ஒரு மரத்திலிருந்துதான் முதல் பூஞ்சையைப் பிரித்தெடுத்தேன். பிறகு ஊர் ஊராகச் சேர்த்ததில், திருச்சியில் எங்கள் ஆய்வகக் குளிர்பெட்டியில் ஒரு தட்டு முழுக்கக் கண்ணாடிக் குழாய்கள். பட்டம் வந்தது, உதவித்தொகை நின்றது.

அடுத்தது போஸ்ட்டாக். அதாவது, பிஎச்.டி. முடித்தும் புத்தி வராதவர்கள் இன்னொரு பேராசிரியரிடம் இரண்டு மூன்று வருடம் சம்பளத்துக்கு ஆராய்ச்சி செய்வது. பூஞ்சை என்ற சொல்லைக் கேள்விப்பட்ட எல்லாப் பேராசிரியருக்கும் மெயில் போட்டேன். கையில் இருந்த ஒரே சொத்து அந்தக் குழாய்கள்தான். பதில் வரும்வரை அவை சாகக் கூடாது. மாதாமாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய், உருளைக்கிழங்கு வேகவைத்த சாற்றில் சர்க்கரையும், அதை உறையவைக்க அகர் பொடியும் கலந்து ஊட்டினேன். கிழங்கு, பள்ளி ஆசிரியையான என் மனைவியின் சம்பளத்தில் வாங்கியது.

"ஏங்க, இந்த வீட்டுல பொரியல் பாத்து எத்தனை நாளாச்சு? அதுக்கு மட்டும் விருந்தா?"

"அதை வெச்சுத்தாம்மா நமக்கு வெளிநாடு."

"அது போயிடும். நீங்க இங்கயே இருப்பீங்க."

ஒருவழியாக நெதர்லாந்துப் பேராசிரியை ஒருவர் வீடியோவில் பேட்டி எடுத்தார். அடிக்கடி 'அருமை' என்றார். அன்று மாலையே ஸ்வெட்டர் வாங்கி, சித்திரை வெயிலில் ஃபேனுக்குக் கீழே போட்டுப் பழகினேன். வேர்க்குரு வந்தது.

பிறகு அவருடைய மெயில் வந்தது. நம்பியிருந்த நிதி கிடைக்கவில்லை, அடுத்த வருடம் மறுபடி முயல்வாராம். அதே வாரம் என் கைடு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. புதுசா ஸ்டூடன்ட் வந்திருக்காங்க. அந்தத் தட்டைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. ஓரமா ஒரே ஒரு குழாய் வேணா இருக்கட்டும்."

நோய்க்கிருமியை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தடுக்க விதியும் உண்டு, மனைவியும் உண்டு. அப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

"எல்லாத்தையும் கொல்லப் போறேன்ப்பா."

"நல்லதுடா. வாழைக்கு நீ பண்ற மொத உபகாரம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த வேலை?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்றாங்க."

"அது நான் சொல்ற வார்த்தைடா. நீ சொல்லக் கூடாதுன்னுதான படிக்க வெச்சேன்."

ஆட்டோகிளேவ் என்பது கல்யாண வீட்டுக்கு வாங்கிய பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும். கிருமிகளை ஆவியில் வைத்துக் கொல்வது அதில்தான். ஊர்ப்பெயர் ஒட்டிய குழாய்களை அடுக்கினேன். வையம்பட்டி உள்ளே போனது. முசிறியைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கடைசியில் மூடியை இறுக்கியபோது அது வெளியேதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அறையெங்கும் வெந்த கிழங்கு வாசனை. எனக்கு, வெட்கமே இல்லாமல், பசித்தது.

மனைவி ஃபோனில் கேட்டாள்: "முடிஞ்சுதா?"

"அப்பா தோட்டத்துது மட்டும் வெச்சிருக்கேன். நெதர்லாந்துல கூப்பிட்டா வேணுமே."



"வரும்போது அரைக் கிலோ உருளைக்கிழங்கு வாங்கிட்டு வாங்க. நமக்கு."

ஒரு கிலோ வாங்கினேன்.