ஏணியில் ஏறிய சிவப்புச் சட்டை

ரான் மாவ்லினுக்குப் பிழைப்பு பன்றிக்குக் காயடிப்பது. தேஜியாங் மலைப்பாதையில் அவன் பித்தளைக் குழல் ஊதினால், பெண்கள் பன்றிக்குட்டிகளைத் துரத்திப் பிடித்துக் கட்டிப்போடுவார்கள். எங்கள் நுவோ கூத்தில் அவனுக்குச் சுமைகாரன் வேஷம். கோணவாய் முகமூடி, உச்சிக்குடுமி, ஒரு கால் நொண்டல். பேய் விரட்டும் பூசை பாதி, கூத்து பாதி என்று மூன்று நாள் நடக்கும். ஜனங்கள் காத்திருப்பது அவனுக்காகத்தான். நான் அந்த ஜமாவில் மேளக்காரன். என் அடிக்கு அவன் நொண்டுவதைப் பதினேழு வருஷம் பார்த்திருக்கிறேன்.

முகமூடியைக் கழற்றிவிட்டால் அவனைப் போல் பயந்த ஆள் எங்கள் பக்கத்திலேயே கிடையாது. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போவான். மழை பெய்தால் மலை சரியும் என்பான், வெயிலடித்தால் சோளம் கருகும் என்பான். "மாவ்லின் பயப்படுறானா? அப்போ ஒண்ணும் ஆகாது" என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அவன் மகள் சைமெய்க்கு மூன்று வயதில் ஜுரம் வந்து வலிப்பு கண்டது. கண் செருகிக் கிடந்த பிள்ளையின் தலைமாட்டில் அம்மா யின்ஷியாங் நேர்ந்துகொண்டாள்: பிழைத்தால் ஆறு வயதில் கத்தி ஏணி ஏற்றுகிறேன், தாய்மாமன் முதுகில். புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது. மாவ்லினுக்கு அன்றைக்குப் பிடித்த கவலை மூன்று வருஷம் விடவில்லை.

தாய்மாமன் ஆன் சாவ்வூ எங்கள் ஜமாவில் ஏணி ஏறுகிறவர். படிக்குப் பதிலாக முப்பத்தாறு கத்தி, கூர்விளிம்பு மேலே பார்த்திருக்கும். வெறுங்காலில் ஏறி உச்சியில் எருமைக்கொம்பு ஊதுவார். முப்பது வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது.

நேர்ச்சை நாளன்று காலையில் அவரை அழைத்துவர மாவ்லின் போனான். கொல்லையில் சாவ்வூ சீமைப்பனிச்சை மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றார். காலடியில் வாளி கவிழ்ந்து கிடந்தது.

"மச்சான்! என்ன ஆச்சு?"

"கத்தாத. தரை சுத்துது. கொஞ்ச நேரத்துல நின்னுடும்."

"எத்தனை நாளா இப்படி?"

"புது வருஷத்துலருந்து. ஏறுறப்ப வராது, மாப்ளே. யார்கிட்டயும் மூச்சு விடாத."

மாவ்லின் வீட்டுக்கு ஓடினான். யின்ஷியாங் பிள்ளைக்குப் புதுச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வேணாம், யின்ஷியாங். உங்க அண்ணனுக்குத் தலை சுத்துது. என் கண்ணால பாத்தேன்."

"போன மாசம் ஏணிக்கம்பு உளுத்துப்போச்சுன்னே. நேத்து காத்தடிக்கும்னே. இன்னிக்கு எங்கண்ணனுக்குத் தலை சுத்துதா?"

"இது நெசம்."

"அதெல்லாமும் நெசம்னுதான் சொன்னே. சாமிக்குக் கொடுத்த வாக்கு இது. போ, போய் முகமூடிய மாட்டு."

வாசலில் மேளத்தோடு காத்திருந்த நானும் அவன் நின்ற நிலையைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முற்பகலில் கூத்து தொடங்கியது. சுமைகாரன் வந்து நொண்டினான், என் மேளத்தை வம்புக்கிழுத்தான், ஜனங்கள் சிரித்தார்கள். சாவ்வூ பிள்ளையை முதுகில் கட்டத் துணியை எடுத்ததும் அவன் களத்தை விட்டுப் போக வேண்டும். போகவில்லை. நொண்டிக்கொண்டே போய்ப் பிள்ளையைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

"ஐயா பெரியவரே! சுமைகாரன் நான் ஒருத்தன் கல்லு மாதிரி நிக்கிறேன். என் சுமையை நீங்க தூக்கினா என் பொழப்பு என்னாவறது?"

கூட்டம் கைதட்டியது. சாவ்வூவுக்கு முகம் கறுத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "குடுடா" என்றார்.

மாவ்லின் கிட்டே போனான். முகமூடிக்குள்ளிருந்து அவன் மெதுவாகச் சொன்னது எனக்கும் அவருக்கும் மட்டுமே கேட்டது. "சட்டையக் கொண்டுபோ மச்சான். பிள்ளையத் தரமாட்டேன். கொன்னாலும் தரமாட்டேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் என் கை நின்றுவிட்டது. காலையில் அவன் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நொண்டல் நடைக்கான அடியை வேகமாக எடுத்தேன். அவன் சிவப்புச் சட்டையைக் கழற்றி சாவ்வூவின் தோளில் போட்டுவிட்டு, பிள்ளையோடு ஏணிக்குக் கீழே நுழைந்து, "கனத்த சுமை மேல போவுது, லேசான சுமை கீழ போவுது!" என்று வேண்டுமென்றே தலைகீழாகப் பாடிக்கொண்டே அந்தப் பக்கம் போய் அவளை யின்ஷியாங் மடியில் போட்டான். எல்லோரும் கூத்தின் பாகம் என்றே நினைத்தார்கள். யின்ஷியாங் நினைக்கவில்லை. அவள் பார்வையே சொன்னது.

சாவ்வூ சட்டையோடு ஏறினார். இருபத்திரண்டாவது கத்தியில் நின்றார். கூட்டம் மந்திரம் சொல்கிறார் என்று கைகூப்பியது. மாவ்லின் ஏணியின் அடியில் போய்க் கையை விரித்து நின்றான், அத்தனை உயரத்திலிருந்து விழும் ஆளைப் பிடித்துவிடலாம் என்பதுபோல. முகமூடியின் தாடை வழியாக வியர்வை சொட்டியது. நான் மேளத்தை விடவில்லை. விட்டால் அவர் விழுந்துவிடுவார் என்று ஏனோ தோன்றியது.

கடைசியில் ஏறினார். கொம்பு ஊதினார். இறங்கி வந்தபோது உள்ளங்கையில் ரத்தம்.

நேர்ச்சை செல்லுமா என்று தலைமைப் பூசாரி குறி கேட்கும் கொம்புத்துண்டுகளைத் தரையில் போட்டுப் பார்த்தார். மூன்றாவது தடவைதான் சரியென்று விழுந்தது. யின்ஷியாங்குக்கு அது போதவில்லை. அதற்கப்புறம் பிள்ளை தும்மினால்கூட, "சட்டைக்கா நேர்ந்தேன்?" என்பாள். மாவ்லின் போய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான். சாவ்வூ எட்டு மாதம் அவனோடு பேசவில்லை.

அறுவடை முடிந்து ஒரு நாள் அவரே வந்தார், குச்சி ஊன்றிக்கொண்டு.

"காதுக்குள்ள ஏதோ கோளாறாம். மாவட்ட ஆஸ்பத்திரியில சொன்னாங்க. இனிமே ஏறக்கூடாதாம்." தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு நடுவுல எனக்கு மேலும் தெரியல, கீழும் தெரியல. முதுகுல பிள்ளை இருந்திருந்தா..."

யின்ஷியாங் அடுப்படிக்குப் போய் வெகுநேரம் அழுதாள். வந்து புருஷனிடம், "அப்போ மாமன் இல்லாட்டியும் பரவால்ல, தலை சுத்தாத ஆளாப் பாரு" என்றாள்.

அப்படித்தான் அடுத்த வசந்தத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தியான் என்ற ஆளைக் கூட்டிவந்தோம். மாவ்லின் அவனை முற்றத்தில் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கவைத்தான், அதுவும் இரண்டு தடவை.

"என்னய்யா, குதிரை வாங்குறியா?" என்று தியான் சீறினான்.

"கோவிச்சுக்காத தம்பி. அந்தக் காலும் ஒரு தடவை."

சைமெய் தியான் முதுகில் ஏணியில் போனாள். மாவ்லினால் சுமைகாரன் வேஷம் கட்ட முடியவில்லை. என் மேளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். முப்பத்தாறு கத்தியும் ஏறிக் கொம்பு ஊதி இறங்கும்வரை அவன் மூச்சுவிட்டதாக எனக்கு நினைவில்லை.

பிள்ளை இறங்கியதும் அவனிடம்தான் ஓடிவந்தாள்.

"அப்பா, மேலருந்து நம்ம வீடு தெரியுது! கூரையில ரெண்டு ஓடு உடைஞ்சிருக்கு!"

"ரெண்டா? எந்தப் பக்கம்?" என்றான் மாவ்லின், என் சட்டையை இன்னும் விடாமல்.