பனி டயருக்கு நான் கூடப் போட்ட கார்பன்

1. எந்தப் பனி?

“பனிக்குன்னு தனி டயரா? மார்கழி மாசம் நம்ப வண்டிங்கோ ஓடாமயா கீது?”

கோதண்டம் இப்படிக் கேட்டபோது எங்கள் ஷெட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அதே சந்தேகம்தான். பனி என்றால் எங்களுக்கு விடியற்காலையில் சைக்கிள் சீட்டை நனைத்து வைக்கிற பனி. துணியால் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தால் தீர்ந்தது. அதற்கு ஒரு டயர், அந்த டயருக்கு ஒரு மோல்டு, அந்த மோல்டை இறக்க ஒரு கிரேன் என்றால் யார் நம்புவார்கள்?

அறுபதுகளின் கடைசி அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ரீட்ரெடிங் கம்பெனி. தேய்ந்த லாரி டயரின் மேல் ரப்பரை உரசி எடுத்துவிட்டு, புது ரப்பர் சுற்றி, மோல்டில் வைத்து நீராவியில் வேகவைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். கோதண்டம் உரசுகிற பஃபிங் மிஷினில் இருந்தான். நான் மிக்ஸிங் மில்லில். இரண்டு பெரிய இரும்பு உருளைகளுக்கு நடுவே வேகாத பச்சை ரப்பரைப் போட்டு, கார்பன், எண்ணெய், கந்தகம் எல்லாம் சேர்த்துப் பிசைகிற வேலை. கார்பன் என்றால் கறுப்பு மாவு. மூக்கு, காது, சாப்பிடுகிற சோறு, எல்லாம் கறுப்பு. பாரிவாக்கத்தில் என் தெருக்காரர்கள் என்னைத் தும்மலை வைத்தே அடையாளம் கண்டுபிடிப்பார்கள்.

நாலு வருஷமாக நான் டெம்பரரி. எப்போது கேட்டாலும் “பார்க்கலாம் ஏழுமலை” என்பார் முதலாளி. அந்த மாதக் கடைசியில் பர்மனெண்ட் ஆர்டர் கையில் தருவதாக அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். என் மாமனார் வீடு வரைக்கும் சேதி போய்விட்டது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் இதன் தலையில்தான் விடிந்தது.

ஆவடி மிலிட்டரி வண்டிகளுக்கான ஆர்டர் அது. நாலு லாரிக்கு இருபத்துநாலு டயர். இங்கே ரிப்பேர் முடித்து ரயிலேற்றி வடக்கே அனுப்பி, அங்கிருந்து மலைமேல் ஏறும் வண்டிகள். மேலே ரோடு முழுக்க ஐஸ் மூடிக் கிடக்குமாம். முதலாளி எங்களைக் கூப்பிட்டு மோல்டைக் காட்டினார். நம் ஊர் டயரில் நீளவாக்கில் கோடு ஓடும். இதில் அப்படி இல்லை. கட்டை கட்டையாக, நடுவில் ஆழமான பள்ளம், கட்டை ஒவ்வொன்றின் மேலும் கத்தியால் கீறின மாதிரி மெல்லிய வெட்டு. அந்த வெட்டு எதற்கு என்று கேட்டேன். “ஐஸைக் கவ்விப் பிடிக்கிறதுக்கு” என்றார். ரப்பர் எப்படி ஐஸைக் கவ்வும் என்று அன்று முழுவதும் மண்டையைக் குடைந்தது.

போகும்போது முதலாளி என் தோளைத் தட்டி, “ஏழுமலை, மிலிட்டரி ஆர்டர். டயர் நல்லா கெட்டியா இருக்கணும்ப்பா, பேர் கெட்டுடக்கூடாது” என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நான் பத்திரமாகப் பிடித்துக்கொண்டேன்.

2. ஷீட்டில் இல்லாதது

பனி டயருக்கென்று தனி மிக்ஸிங் ஷீட் வந்தது. ஒரு கெமிஸ்ட் எழுதிக் கொடுத்தது. கூடவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பிள் ரப்பர் துண்டு. ஷீட் இங்கிலீஷில் இருந்தாலும் எனக்கு எண் தெரியும், சாமான் பேர் தெரியும். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கார்பன் வழக்கமானதைவிடக் குறைவு. எண்ணெய் அதிகம்.

அதன்படியே முதல் பேட்ச் போட்டேன். உருளையில் சுற்றி வந்த ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கினேன். விரல் பாட்டுக்கு உள்ளே போகிறது! வேகவைத்த துண்டையும் பார்த்தேன். அதுவும் கொழகொழவென்றுதான் இருந்தது. ரப்பரின் கெட்டியை அளக்க எங்களிடம் ஒரு ஹார்ட்னஸ் மீட்டர் உண்டு. முள் ஒரே இடத்தில் நின்று வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் எங்கள் கம்பெனிக்கு மீட்டர் என் கட்டைவிரல்தான். அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

கோதண்டம் வந்து எட்டிப் பார்த்தான். “இன்னா மாமே, அல்வா கிண்டிகினு கீறே?”

ரோஷம் வந்துவிட்டது. இந்த ரப்பரை பூந்தமல்லி ஹைரோட்டில் சித்திரை வெயிலில் ஓட்டினால் சென்னீர்குப்பம் தாண்டுவதற்குள் பாதி ரோட்டிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். கெமிஸ்ட் தப்பாக எழுதிவிட்டான், பாவம், நாம் சரிசெய்வோம் என்று நினைத்தேன். ஒவ்வொரு பேட்சுக்கும் கார்பனில் இரண்டு முறம் கூட்டினேன். எண்ணெயில் ஒரு மக் குறைத்தேன். ரப்பர் கிண்ணென்று வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் நல்லது செய்கிறோம் என்று ஒரு பெருமை வேறு.

இருபத்துநாலு டயரும் வெந்து, ஆறி, சுவரோரம் வரிசையாக நின்றன. முதலாளி ஒன்றைத் தட்டிப் பார்த்து, “பேஷ்” என்றார். செவ்வாய்க்கிழமை டெலிவரி.

3. சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை

சனிக்கிழமை மத்தியானம் டயரைப் பார்க்க ஆவடியிலிருந்து ஒருவர் வந்தார். நாயக் துரைக்கண்ணு. நாயக் என்றால் மிலிட்டரியில் சிப்பாய்க்கு மேல் உள்ள ஒரு ரேங்க். நாலு லாரியில் முதல் லாரியை ஓட்டப்போகிறவர். வேலூர்ப் பக்கத்துக்காரர், குடும்பம் ஆவடி குவார்ட்டர்ஸில். வாசல் டீக்கடையில் அவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டேன். பனியைப் பார்த்த ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை.

“அண்ணாத்தே, அந்தப் பனி எப்படித்தான் இருக்கும்?”

“ஐஸ் பாருக்கு மேல நடந்துகீறியா? அதான் ரோடு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல.”

“பிரேக் புடிக்காதா?”

அவர் டீயைக் கீழே வைத்தார். “பிரேக் நல்லாத்தான் புடிக்கும். போன வருசம் எனக்கு முன்னாடி போன வண்டி, வளைவுல அட்சான் பிரேக்கு. சக்கரம் நின்னுச்சு. வண்டி நிக்கல. அப்படியே வயுக்கிகினே போச்சு.” கையை மெதுவாக மேஜை விளிம்பு வரை நகர்த்தி, அங்கே நிறுத்திவிட்டார். “என் கூட்டாளி. செங்கம் பக்கம்.”

சும்மா இருக்க முடியாமல், “டயர் தேஞ்சு போயிருந்துச்சா?” என்று கேட்டேன்.

“தேயவே இல்ல. புத்தம்புது டயரு. ஆனா கீழ ஓட்ற டயரு. குளிர்ல எல்லாம் வெறைச்சிப் பூடும் நைனா. கிரீஸ் கல்லாட்டம் ஆவும். டீசலு கெட்டியாவும். ரப்பரு சும்மா இருக்குமா? அத்தொட்டுதான் இந்தத் தடவ பனி டயரு போட்டுத் தராங்கோ. எம்பொண்டாட்டி இப்பத்தான் தூங்கறா.”

அவர் போன பிறகும் நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். ரப்பர் சும்மா இருக்குமா? கேள்வி சின்னதுதான். நாலு வருஷம் ரப்பரோடு குடித்தனம் நடத்தியும், குளிரில் ரப்பர் என்ன ஆகும் என்று நான் ஒருநாள்கூட யோசித்ததில்லை. நம் ஊரில் ஏது குளிர்?

4. காசிம் பாயின் தொட்டி

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பூந்தமல்லி ஐஸ் ஃபேக்டரிக்குப் போனேன். கையில் இரண்டு ரப்பர் துண்டு. ஒன்று கெமிஸ்ட் அனுப்பிய சாம்பிள். இன்னொன்று நான் பண்ணினது. இரண்டிலும் ஓட்டை போட்டுக் கம்பி கட்டியிருந்தேன், கலந்துவிடாமல் இருக்க என் துண்டில் மட்டும் இரண்டு முடிச்சு.

ஐஸ் ஃபேக்டரியில் பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டி இருக்கும். அந்தத் தண்ணீர் ஐஸைவிடச் சில்லென்று இருக்கும், உப்பு இருப்பதால் உறையாது. அதில் நல்ல தண்ணீர் நிரப்பின தகர டப்பாக்களை இறக்கித்தான் ஐஸ் பார் பண்ணுவார்கள். அங்கே வேலை பார்த்த காசிம் பாய் எனக்குப் பழக்கம்.

“இன்னா ஏயுமல, ரப்பர்ல குச்சி ஐஸ் போடப் போறியா?”

“ராத்திரி ஊறட்டும் பாய். காலைல வரேன்.”

“ஊறட்டுமா? இன்னா ஊறுகாயா அது?” என்று சிரித்துக்கொண்டே கம்பியை வாங்கித் தொட்டியில் தொங்கவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால் போய்விட்டேன். பாய் துண்டுகளை மேலே எடுத்தார். முதலில் கெமிஸ்ட் துண்டு. அமுக்கினேன். கொஞ்சம் விறைப்பு, ஆனாலும் விரல் இறங்கியது. வளைத்தேன், வளைந்தது. நம் ஊர் வெயிலில் நம் டயர் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அடுத்தது என்னுடையது. அமுக்கினேன். நகம்கூட இறங்கவில்லை. பாயிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, ஐஸ் பார் மேல் வைத்துச் சும்மா ஒரு தட்டுத் தட்டினார். அது அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது. கெமிஸ்ட் துண்டையும் அதேபோலத் தட்டினார். ஒரு முழம் போய் நின்றுவிட்டது.

“அடேங்கப்பா! இது இன்னா சோப்பாட்டம் போவுது?” என்றார் பாய்.

மேஜை விளிம்பில் நின்ற துரைக்கண்ணுவின் கைதான் கண்ணுக்குள் வந்தது.

பாய் இரண்டு துண்டையும் ஐஸும் உப்பும் போட்டுக் கோணியில் கட்டிக் கொடுத்தார். வேலப்பன்சாவடி வழியாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போது மனசு என்னென்னவோ சொன்னது. கார்பன் கூடப் போட்டது யாருக்கும் தெரியாது. எந்த டயரும் நிரந்தரமில்லை. மேலே என்ன நடந்தாலும் ரோட்டைத்தான் குற்றம் சொல்வார்கள். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பதே நாள். இதையெல்லாம் நான் நினைத்தேன், நினைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

முதலாளி மேஜைமேல் கோணியைப் பிரித்தேன். ஃபைலெல்லாம் நனைந்தது. இரண்டையும் அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

“ஷீட்ல இருக்கறதப் போடறதுக்குத்தானேப்பா உனக்குச் சம்பளம்? உன்னை யாரு கூட்டச் சொன்னா?”

“நீங்கதான் சார் கெட்டியா இருக்கணும்னீங்க.”

“கெட்டின்னா... யோவ், கெட்டின்னா நல்லா உழைக்கணும்னு அர்த்தம்யா! கல்லு மாதிரி பண்ணுன்னா சொன்னேன்?”

“எங்க ஊட்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்ததான் சார்.”

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நனைந்த ஃபைலை உதறிக்கொண்டே, “எங்க வீட்லயும் அப்படித்தான்” என்றார். பிறகு ஆவடிக்குப் போன் போட்டு, டெலிவரி பத்து நாள் தள்ளும் என்று சொன்னார். அந்தப் பக்கம் கத்தினது எனக்கே கேட்டது.

சாயந்திரம் துரைக்கண்ணுவே நேரில் வந்தார். முதலாளி, “மிக்ஸிங்ல ஒரு தப்பு” என்று மழுப்பினார். எனக்குப் பொறுக்கவில்லை. “தப்பு மிக்ஸிங்ல இல்ல, எங்கிட்ட” என்று சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேள்விதான் கேட்டார்.

“நீ சொல்லாங்காட்டி எனக்கு எப்பத் தெரிஞ்சிருக்கும்?”

பதிலையும் அவரே சொன்னார்.

“மேல போனப்புறம் தெரிஞ்சிருக்கும். அங்க தெரிஞ்சி இன்னா பண்றது?” என்று சொல்லிவிட்டு, ஒரு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இருபத்துநாலு டயரையும் கோதண்டம் மறுபடி உரசினான். வேகவைத்த புது ரப்பரை உரசி எடுப்பது லேசில்லை, ஷெட் முழுக்கப் புகை. திட்டிக்கொண்டேதான் உரசினான், ஆனால் ஒரு டயரைக்கூட வேறு ஆளிடம் கொடுக்கவில்லை. நான் ஷீட்டில் இருந்தபடியே மறுபடி பிசைந்தேன். கொழகொழ ரப்பர் உருளையில் சுற்றி வரவர, கார்பன் முறத்துக்குக் கை தானாகப் போகும். ஷெட்டுக்கு வெளியே போய் நின்றுவிட்டு வருவேன். ஒன்றும் சேர்க்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது. பதினோராம் நாள் டயர் போயிற்று. மாதக் கடைசியில் எனக்கு ஆர்டர் வரவில்லை. இன்னொரு வருஷம் டெம்பரரி. மாமனார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அது ஒருவகையில் நிம்மதி.

5. மறு வருஷம்

ரீட்ரெடிங் தொழிலில் ஒன்று உண்டு. போன டயர் தேய்ந்து திரும்பி வரும். வந்தால்தான் நமக்கு வேலை. அடுத்த குளிர்காலம் தொடங்கி முடிந்தது. ஆவடியிலிருந்து ஒரு சேதியும் இல்லை. கேட்கவும் பயம். மிலிட்டரி வண்டி ஒன்று எஸ்டேட்டுக்குள் நுழைந்தால் மில்லை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பேன், நம்முடையது இல்லை என்று தெரிந்ததும் திரும்பி வருவேன்.

ஆடி மாதம் ஒரு பகலில் ஷெட் வாசலில் ஒரே கூச்சல். “எவன் அவன் மில்லுக்காரன்? கூப்ட்றா அவன!” வெளியே ஓடினேன். லாரி நிறைய டயர். மேலே ஏறி நின்றுகொண்டு துரைக்கண்ணு கத்துகிறார்.

“இன்னா டயருபா போட்டுக் குட்த்தே? மொட்டத் தலையாட்டம் ஆயிட்சு, பாரு! மலய உட்டுக் கீழ எறங்கி ரெண்டே மாசம். ரெண்டு மாசத்துல தேஞ்சா இன்னா டயரு அது? ஆபீசரு என்னிய நாறடிச்சிட்டாரு!”

கீழே இறங்கினதும் அந்த டயரைக் கழற்றி வேறு போட வேண்டும், வெயிலில் அது நிற்காது. இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

“அண்ணாத்தே, மேல? மேல எப்டி இருந்துச்சு?”

“மேல இன்னா? மேல ஒண்ணும் ஆவல. வளைவுல அட்சா நின்னுச்சு. அத்த இப்ப எவன் கேட்டான்? கீழ தேஞ்சதுக்குப் பதில் சொல்லுயா!”

அவர் மூச்சு விடாமல் திட்டிக்கொண்டே இருந்தார். கோதண்டம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாடா, திட்றாரு, நீ பல்ல காட்டிகினு கீறே?” என்று கேட்டான். ஐந்து வருஷ டெம்பரரியிலும் அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகிற வரைக்கும் நான் வாங்காத திட்டு இல்லை. சந்தோஷமாக நின்று, இன்னும் கொஞ்சம் திட்ட மாட்டாரா என்று கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு திட்டைத்தான்.