ஒன்பதாவது வளைவில் பிடித்த சிகரெட்

எங்கள் மோட்டார் சைக்கிள் குழுவுக்கு முறையான பெயர் எதுவும் இருந்ததில்லை. ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்த மெக்கானிக் ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம் என்பதால் எங்கள் வீடுகளில் ‘ஷெட் கூட்டம்’ என்பார்கள். ஒன்பது பேர். ஒன்பது புல்லட். ஷெட்டின் சொந்தக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டோம். வண்டியின் சத்தத்தைச் சந்து முனையிலேயே கேட்டுவிட்டு, உள்ளே வருவதற்குள் எந்த ஸ்பானர் வேண்டும் என்று எடுத்து வைத்திருப்பார். எண்பதுகளில் ஐந்தாறு வருஷம் நாங்கள் சுற்றாத ஊர் இல்லை. பிறகு ஒவ்வொருவருக்கும் கல்யாணம், மாற்றல், குழந்தை. யாரும் விலகியதாகச் சொல்லவில்லை. வருவதை நிறுத்திக்கொண்டோம், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் பாதியில், ஒரு பங்குனி மாதம், பாய் என் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார்.

“வண்டி கீதா, வித்துட்டியா?”

“இருக்கு பாய். மாடிப்படிக்குக் கீழ, படுதா போத்தி.”

“தூங்கினு கீதுன்னு சொல்லு. எடுத்துனு வா. மறுபடியும் எல்லாரும் ஏலகிரி போறோம்.”

மேற்கு மாம்பலத்திலிருந்து ராயப்பேட்டை வரை அந்த வண்டியைப் பாதி ஓட்டியும் பாதி தள்ளியும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மூன்று நாளில் அவர் அதை எழுப்பிவிட்டார்.

ஒன்பது பேரில் ஆறு பேர் வந்தோம். மயிலாப்பூரிலிருந்து ஒரு கல்லூரி இயற்பியல் ஆசிரியர். நாங்கள் வாத்தியார் என்போம். கோவில் குளத்துக்குப் பின்னால் மூன்று தலைமுறையாக ஒரே வீடு. தி. நகரில் ஒரு துணிக்கடையில் மேற்பார்வையாளனாக இருந்த என் நண்பன். நானும் அவனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அடையாறிலிருந்து அண்ணன் தம்பி இருவர். பாய், நான்.

விடியும்போது கிளம்பி, ஆம்பூரில் சாப்பிட்டோம். பிரியாணிக் கடையில் வாத்தியார் மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதம் சாப்பிட்டார். “ஆத்துல நாளைக்குச் சாயங்காலம் வந்துடறேன்னு சத்தியம் பண்ணிண்டு வந்திருக்கேன்” என்றார். பழைய கேலிகள் ஒன்றிரண்டு வந்தன. ஆனால் சிரிப்பு முன்போல ஒட்டவில்லை. ஒருவருக்கு முடி கொட்டியிருந்தது, ஒருவருக்குத் தொப்பை விழுந்திருந்தது. யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை என்று தோன்றியது.

மலைப்பாதையில் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற வண்டிகள் சூடேறின. ஒன்பதாவது வளைவில் பாய் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். இரு பக்கமும் புல் இடுப்பு உயரத்துக்கு மஞ்சளாகக் காய்ந்து நின்றது. நானும் தி. நகர் நண்பனும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஆளுக்கொரு சிகரெட் பிடித்தோம். பல வருஷம் கழித்து அந்த நேரத்தில்தான் அவன் என்னிடம் மனம் விட்டுப் பேசினான். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றும் வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னான். பேச்சில் மூழ்கியிருந்தேன். பாய் கூப்பிட்டார். எழுந்து போனோம்.

மேலே ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் வீட்டு மாடியில் அறை. துணி மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது மூன்று மணி இருக்கும். நாங்கள் ஏறி வந்த பக்கத்திலிருந்து ஒரு புகை எழுந்து நின்றது. முதலில் யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் அது அகலமாகிப் பழுப்பு நிறமாகிவிட்டது.

அந்த சிகரெட்டை என்ன செய்தேன்? காலால் தேய்த்தேனா, சுவருக்கு அந்தப் பக்கம் சுண்டினேனா? எப்போதும் தேய்ப்பவன்தான். ஆனால் அன்றைக்குத் தேய்த்த ஞாபகம் இல்லை. நண்பனைப் பார்த்தேன். அவன் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காக்கிச் சட்டையில் ஒரு வனக் காவலர் சைக்கிளில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். கேன்வாஸ் ஷூவில் ஒரு பக்கம் பெருவிரல் வெளியே தெரிந்தது.

“சரிவுல நெருப்பு. காத்து மேல் பக்கமா அடிக்குது. ரோடு இன்னும் தெறந்துதான் இருக்கு, போறவங்க இப்பவே போயிடுங்க. இருக்கறவங்க யாராவது வண்டியில தண்ணி ஏத்தித் தர முடியுமா? ஊர் ஆளுங்க மொத்தம் அங்கதான் நிக்கறாங்க.”

அண்ணன் தம்பி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, தண்ணீர் எங்கே எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டினார். என் நண்பன் மட்டும் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

“எனக்குப் பசங்க இருக்காங்க, மச்சி. நான் கெளம்பறேன்.”

எல்லோருக்கும்தான் பிள்ளைகள் இருந்தார்கள். யாரும் அவனைத் தடுக்கவில்லை. புல்லட்டின் சத்தம் இறக்கத்தில் தேய்ந்து போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம். “போவட்டும் வுடு” என்றார் பாய். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது.

பிறகு வேலை. ஊர்க் கிணற்றில் பிளாஸ்டிக் கேன்களை நிரப்பி, வண்டியின் இரு பக்கமும் கயிற்றால் கட்டி, ஒற்றையடி மண்பாதையில் மேட்டு விளிம்பு வரை கொண்டுபோக வேண்டும். “வண்டிய மண்ணுல நிறுத்துங்க, புல்லு மேல நிறுத்தாதீங்க. சைலன்சர் சூடே போதும் பத்திக்க” என்று காவலர் ஒவ்வொரு முறையும் கத்தினார். விளிம்பில் முப்பது நாற்பது பேர் வரிசையாக நின்று மண் தெரியும்படி புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். தாண்டி வந்த நெருப்பைப் பச்சைக் கிளைகளால் அடித்தார்கள். அடிப்பது என்றால் வீசி அடிப்பது இல்லை. அழுத்தி, ஒரு நொடி வைத்து, எடுக்க வேண்டும். வீசினால் பொறி பறக்கும். வாத்தியாருக்கு இதை ஒரு பெண் சொல்லிக்கொடுத்தார். பிறகு அவர் அதையே எங்களுக்கு வகுப்பு எடுத்தார்.

அந்தப் பெண்ணின் கேழ்வரகு வைக்கோல் போர் விளிம்புக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. நான் மூன்றாவது நடை வந்தபோது பொறி விழுந்து அது எரியத் தொடங்கியிருந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டு ஆடுகளைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு அவர் தள்ளி நின்று பார்த்தார். பிறகு என்னிடம், “அந்தக் கேனை இங்க எறக்குப்பா, ஆட்டுக்கும் கொஞ்சம் காட்டணும்” என்றார். இறக்கி வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அடுத்த நடையில் காவலர் கண் கழுவத் தண்ணீர் கேட்டார். நான் ஊற்றினேன். அப்போது சொல்லிவிட்டேன்.

“சார், மத்தியானம் நாங்க ஒன்பதாவது வளைவுல நின்னோம். நான் சிகரெட் புடிச்சேன்.”

அவர் நிமிர்ந்தார். புருவத்திலிருந்து கரித்தண்ணீர் வழிந்தது.

“அணைச்சியா?”

“ஞாபகம் இல்ல.”

என்னைச் சற்று நேரம் பார்த்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “தண்ணி இன்னும் கீழ இருக்கில்ல?” என்றார். “இருக்கு.” “போய் எடுத்துனு வா.”

அதன் பிறகு நான் நிறுத்தவே இல்லை. மற்றவர்கள் இடையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். நான் உட்காரவில்லை. க்ளட்ச் கேபிள் அறுந்தபோது பாய் தன் வண்டியைக் கொடுத்தார். சூரியன் இறங்கும் நேரத்தில் காற்று விழுந்தது. நெருப்பு செதுக்கிய மண்ணுக்கு அந்தப் பக்கமே நின்று, தானாகக் குறைந்து, சிவப்புக் கோடாகி, ஆங்காங்கே புள்ளிகளானது.

மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் பாயிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். “வா, போய்ப் பாத்துட்டு வந்துரலாம்” என்று தன் வண்டியில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு இறங்கினார்.

ஒன்பதாவது வளைவில் புல் அப்படியே நின்றது. அதே மஞ்சள். காற்றில் லேசாக அசைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பழைய துண்டுகள் இருபது முப்பது கிடந்தன. எது என்னுடையது என்று தெரியவில்லை. எரிந்த சரிவு அங்கிருந்து ஒரு பள்ளத்தைத் தாண்டி, வேறு ஒரு மேட்டில் கறுப்பாகத் தெரிந்தது. நெருப்பு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

சுவரில் உட்கார்ந்துவிட்டேன். பாய் என் தோளில் கையை வைத்தார். “நீ இல்ல. போதுமா?” என்றார்.

திரும்பும் வழியில் காவலரைப் பார்த்தோம். டீக்கடை வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“தெரியும்” என்றார். “அந்த மேட்டுல நேத்து காலையிலயே புகை இருந்துச்சு. நீங்க மலையே ஏறல அப்ப.”

“நேத்தே சொல்லியிருக்கலாமே சார்.”

“சொல்லியிருந்தா நீ போய்ப் படுத்திருப்ப. எனக்கு ஆள் வேணும்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாய் சிரித்துவிட்டார். மாடியில் வாத்தியாரிடம் சொன்னபோது அவரும் சிரித்து, “அந்த மனுஷர் சொன்னதுல தப்பு என்ன இருக்கு?” என்று கேட்டார். படுத்திருக்க மாட்டேன், கடைசி வரை தண்ணீர் சுமந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. உண்மையில் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

சென்னை திரும்பி இரண்டு வாரம் கழித்து, மனைவிக்குப் புடவை எடுக்கும் சாக்கில் தி. நகர் கடைக்குப் போனேன். உண்மையில் நண்பனிடம் சண்டை போடத்தான் போனேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். அவன் என்னைப் பார்த்ததும் கவுன்ட்டரை விட்டு வந்து, கையைப் பிடித்து, சரக்கு அறைக்குள் இழுத்துப் போனான். கன்னம் ஒட்டியிருந்தது.

“மச்சி, யாராவது செத்துட்டாங்களா?”

“எங்க?”

“அங்கதான். தெனம் பேப்பர்ல தேடறேன். ஒண்ணும் போடல.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. “நீ அணைச்சியா அத?” என்று கேட்டேன்.

“தெரியல மச்சி. அப்பாவப் பத்திப் பேசிக்கினு இருந்தேன். தூக்கிப் போட்டேன்னு மட்டும் ஞாபகம்.”

“அந்த வழியாத்தான திரும்பிப் போன? அங்க எரியலையே. பாத்திருப்பியே.”

அவன் ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்தான். “அந்த வளைவு வந்தப்ப தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கினேன். பாக்கல. பாத்துட்டா தெரிஞ்சுபோயிடும்ல.”

எல்லாவற்றையும் சொன்னேன். புல் நின்றது, காலையிலேயே புகை இருந்தது, காவலர் சொன்னது. அவன் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டான். வெளியே யாரோ பட்டு வேட்டி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரம் அவன் தனியாகப் பட்டதை நான் ஒரே ஒரு நாள்தான் பட்டேன். எனக்குத் தண்ணீர் கேனாவது இருந்தது. அவனுக்கு அதுவும் இல்லை. கோழை என்று நாங்கள் மலையில் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டதை அவனிடம் சொல்லவில்லை.

கொஞ்சம் தேறியதும் அவன் கேட்டான். “வேற சேதம் ஒண்ணும் இல்லையே?”

“ஒரு அம்மாவோட வைக்கோல் போர் எரிஞ்சுபோச்சு. ரெண்டு ஆடு வெச்சிருந்தாங்க.”

“அப்புறம் இன்னா பண்ணாங்க?”

நான் விசாரித்திருக்கவே இல்லை. நெருப்பு எரிந்த நாளில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தவன், தப்பு என்னுடையது இல்லை என்று தெரிந்த அந்த நிமிஷமே அவரை மறந்துபோயிருந்தேன். மறுநாள் அவர் வீட்டைத் தாண்டித்தான் கிளம்பினோம். நிறுத்தவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டு, சந்தோஷமாக, வரிசையாக இறங்கினோம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நானும் அவனும் மட்டும் போனோம். எரிந்த மேட்டில் புதுப் புல் முழங்கால் அளவுக்கு வந்திருந்தது. மரங்களின் அடி மட்டும் கறுப்பு. அந்தப் பெண் களத்தில் கேழ்வரகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களை அடையாளம் தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்த வண்டிக்காரர்கள் என்று சொன்னபோது தலையாட்டினார். பக்கத்து வீடுகளில் ஆளுக்கொரு கட்டு வைக்கோல் கொடுத்ததில் ஆடுகள் பிழைத்துக்கொண்டன என்றார்.

“என்ன வேலையா வந்தீங்க?” என்று கேட்டார்.

“சும்மா, உங்களப் பாத்துட்டுப் போலாம்னு” என்றான் என் நண்பன்.

“பாக்கறதுக்கா?” என்று சிரித்துவிட்டு, அவர் எங்களை உட்காரச் சொன்னார்.